கூடை மறைத்த கல்

எங்கள் லயத்தின் வயதை மறைக்கப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாரம் பாடுபட்டன. அதை ஐந்து நிமிடத்தில் கெடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மடுல்கெல்லைக்கு மேலே சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்று சொல்வது வழக்கமே தவிர, அதில் ஒரு பிடி மண்கூட எங்கள் பெயரில் இருந்ததில்லை. கருங்கல்லால் கட்டிய ஒரே லயம், ஒரே கூரை, பத்துக் காம்பரா. குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதன் முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு. கடைசிக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவார். மற்ற நாட்களில் அம்மா, நான், தம்பி, அடுப்புப் புகை ஆகிய நால்வரும்தான் குடியிருந்தோம். காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. கட்டியவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை போலும். வந்திருந்தாலும் இவர்களுக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

அந்த வருடம் லயத்துக்கு முன்னாலிருந்த சமதரையில் தனி வீடுகள் கட்டித் தரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. செய்தி வருவது புதிதல்ல. இந்த முறை செய்தியோடு குச்சிகளும் நூலும் வந்தன. வந்தவர்கள் வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று அளந்து, மூலைக்கு மூலை குச்சி அடித்து, நூலும் கட்டிவிட்டுப் போனார்கள். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு ஓரத்துத் துண்டு விழுந்தது.

அன்றைக்கே அம்மா அங்கே குடியேறிவிட்டாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்கியதும் நேரே அங்குதான் போவாள். வாசல் வரவேண்டிய இடத்தில் நூலைத் தூக்கி, குனிந்து, உள்ளே நுழைவாள். நானும் தம்பியும் வேறு பக்கமாக நூலைத் தாண்டிக் குதித்தால் திட்டு விழும்.

"வாசல் வழியா வாங்க! செவத்துல ஏறிக் குதிக்குதுங்களே, இதுங்கள வச்சிக்கிட்டு நான் எப்பிடிக் குடித்தனம் பண்ணுவேன்!"

உள்ளே போனதும் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பாள். அது அவளுடைய குசினி. "இந்தா, இந்த எடத்துல ஒரு ஜன்னல். சோறு வடிக்கிறப்பவே மல தெரியும்" என்பாள். எதிரே நக்கிள்ஸ் மலை பாதி மேகத்துக்குள் இருக்கும். மலை இஸ்தோப்பில் நின்றாலும் தெரிகிறதே என்று ஒருநாள் கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

குச்சி அடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அம்மாவின் அண்ணன்தான் தோட்டத்துத் தலைவர். மாமா ஒருநாள் எல்லோரையும் லயத்துக்கு முன்னால் கூப்பிட்டார். பெரியவர்கள் பேசும்போது எப்போதும் நடப்பதுபோல், "சின்னப் புள்ளைங்கல்லாம் போய் வெளையாடுங்க" என்று எங்களை விரட்டிவிட்டார். அவர் அன்று பேசியது என்ன என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு ஐயா வருகிறாராம். லயம் மிகப் பழையது என்று எழுத்தோடு அத்தாட்சி கிடைத்தால், அதைச் சுற்றிப் புது வீடு எதுவும் எழும்ப விடமாட்டார்களாம். ஆகவே யார் கேட்டாலும், "நம்ம காலத்துல கட்டுனதுங்கய்யா" என்று சொல்ல வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அடுத்த நாளே தொடங்கியது. லயம் முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் காம்பராவின் பக்கச் சுவரில் ஒரு கல் இருந்தது. கட்டிய வருடத்தை அதில் வெட்டியிருந்தார்கள். நான் இலக்கம் எழுதப் பழகியதே அந்தக் கல்லில் விரலை ஓட்டித்தான். அந்தக் கல்லில் அம்மா களிமண்ணும் சாணமும் அப்பி, மேலே ஆணி அடித்து, கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த கடைவீதிக்காரி, "ஒங்க தோட்டத்துல பாக்கிறதுக்கு என்னடி இருக்கு?" என்று கேட்டபோது, அந்தக் கல்லைத்தான் சொல்லியிருந்தேன்.

ஐயா வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கமரா, காலில் அட்டை. அம்மாதான் சுண்ணாம்பு தொட்டு வைத்து அட்டையை விழச் செய்தாள். துரைமார் எத்தனையோ பேர் எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறார்கள். இவரைப்போல் சுவரைத் தொட்டுப் பார்த்தவர் யாருமில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை வைத்துத் தடவினார். எங்கள் சுவரை ஒருவர் இவ்வளவு ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எழுத்து, நம்பர், அப்பிடி ஏதாவது இருக்குதா?" என்று ஒவ்வொரு இஸ்தோப்பிலும் கேட்டார்.

"அப்பிடி ஒன்னும் இல்லைங்கய்யா. நம்ம காலத்துல கட்டுனது" என்று ஒவ்வொரு இஸ்தோப்பிலும் சொன்னார்கள்.

கடைசியில் எங்கள் படியில் களைத்துப்போய் உட்கார்ந்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, மகளே என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

"துவ, நீங்க பாத்தது இல்லையா?"

பெரியவர்கள் கேட்டால் மறைக்காமல் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது அம்மா எனக்குச் சொல்லித் தந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கூடையை இறக்கினேன். தம்பியின் போத்தலில் இருந்த தண்ணீரை ஊற்றி, பாவாடையால் துடைத்தேன். இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அந்த மனிதர் குழந்தை மாதிரிச் சிரித்தார். என்னைக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். அம்மாவிடம், "அம்மா, இது பெரிய விசயம். இனிமே யாருக்கும் இத ஒடைக்க ஏலாது" என்றார்.

அம்மா கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லதுங்கய்யா" என்றாள்.

அவர் போனதும் மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"புள்ளைய ஒன்னும் சொல்லாதீங்கண்ணே. கேட்டதுக்குப் பதில் சொல்லுன்னு பழக்குனவ நான்தானே."

லயம் காப்பாற்றப்பட்டது. மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள். வீட்டுக்கு வேறு இடம் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, வீடு போனால் போகட்டும், பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னலாவது வெட்டிக்கொள்கிறோம் என்று அம்மா மாமாவைக் கொண்டு ஒரு கடிதம் எழுத வைத்தாள். பாதுகாக்கப்பட்ட சுவரில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் புகைக்குள்ளேயே இருமிக்கொண்டு அம்மா வாழ்ந்து, அங்கேயே கண்ணை மூடினாள்.

இப்போது நான் கண்டியில் வீடுகளுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்த ஐயாவின்மேல் எனக்குக் கோபமில்லை. கல் உண்மையிலேயே பழையது, அழகானது; அதைக் காப்பாற்ற ஒருவர் வேண்டும்தான். புது வீடுகளைச் சற்று மேலே தள்ளி, கல்லையும் பத்துக் குடும்பத்தையும் ஒரே தாளில் வரைந்திருக்கலாம். அப்படி வரைய ஒரு நாள் வேலைகூட இல்லை என்று எனக்கு இன்று தெரியும். அன்று வரைந்தவர் கல்லைக் குறித்தார், அடுப்புகளைக் குறிக்கவில்லை. யாருடைய வீட்டுக் குசினியை வரைந்தாலும் முதலில் ஜன்னலைப் போட்டுவிட்டுத்தான் சுவரைப் போடுகிறேன். அம்மாவுக்கு ஒன்றே ஒன்று வரைந்து கொடுக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

ஐயா வந்துபோன அன்று மாலையும் அம்மா சமதரைக்குப் போனாள். குச்சியும் நூலும் இன்னும் அப்படியே இருந்தன. வழக்கம்போல் வாசலில் நூலைத் தூக்கி, குனிந்து உள்ளே போய், குசினியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்துக்கொண்ட சந்தோஷத்தில் நான் ஓடிப்போய், ஜன்னல் வரவேண்டிய இடத்தில் நூலைத் தாண்டி அவள் முன்னால் குதித்தேன். குதித்த பிறகுதான் பயம் வந்தது. திட்டு விழவில்லை. வெளியே போய் இன்னொரு தரம் குதித்தேன். அம்மா அப்போதும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைக் காட்டியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அதுதான் என்று நினைத்துக்கொண்டு, இருட்டும்வரை அந்தச் சுவரில் குதித்துக் குதித்து விளையாடினேன்.