அத்தான் கழுவிய பஞ்சு

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் முப்பத்தொரு வருடமாகப் பரிசோதகர். கிருமி இருக்கிறதா, குளோரின் போதுமா என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அக்காவிடம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் ஒரே ஒரு தங்கமீன், எட்டு வயது, பட்டப்பெயர் குண்டன். அக்கா குரல் கேட்டால் கண்ணாடியோரம் ஓடி வருவான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், திமிர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, ஃபில்டர் பஞ்சை அதிலேயே அலசிப் பிழிந்து திரும்ப வைப்பாள் அக்கா.

"அழுக்குத் தண்ணியில அழுக்கக் கழுவுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பார் அத்தான்.

"உங்க உத்தியோகத்த ஆபீசோட வெச்சுக்குங்க" என்பாள் அவள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கூடப் பிறந்த என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவரைப் பார்த்து, "குண்டனப் பாத்துக்குங்க" என்றாள்.

அவரும் பார்த்துக்கொண்டார். அக்கா வந்ததும் அசந்துபோகட்டும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல், பஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவினார். குளோரின் துளியும் இல்லை என்று சோதித்துவிட்டுத்தான் குண்டனை உள்ளே விட்டார். வாளி தூக்கிக் கொடுத்தவன் நான். தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டு பேரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான்காம் நாள் குண்டன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினான். மீன்கடைக்காரரிடம் ஓடினோம்.

"மீன் கழிக்கிறது அமோனியாவாகும் சார், விஷம். அதத் தின்னுற கிருமி அந்தப் பஞ்சுலதான் குடியிருக்கும். குடும்பத்தோட கொன்னுட்டீங்களே" என்றார் அவர். "திரும்ப வளர ஒரு மாசம் ஆகும். வேற பஞ்சு குடுக்கலாம்னா, என் தொட்டிக்கெல்லாம் போன வாரம்தான் மருந்து ஊத்தினேன், அதுலயும் அந்தக் கிருமி செத்துப்போச்சு. தினமும் பாதித் தண்ணி மாத்துங்க. வேற வழியில்ல."

அமோனியா பார்க்கும் சொட்டுமருந்தை வாங்கி வந்தோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையாக வந்தது. தண்ணீரை மாற்றினால் கொஞ்சம் வெளிறும், மறுநாள் காலையில் திரும்பவும் பச்சை. கடைச் சரக்கு பொய் சொல்கிறதோ என்று, ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரை அத்தான் ஆபீசுக்கு எடுத்துப்போய் அங்கேயும் சோதித்தார். அங்கே இன்னும் அதிகமாகக் காட்டியது.

"எவ்வளவு இருக்குன்னு தசமத்தோட சொல்றேன். கொறைக்கத் தெரியலயேடா" என்றார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

அக்கா தினமும் போனில் கேட்பாள்: "சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

ஒன்பதாம் நாள் காலை குண்டன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தான். அக்காவிடம் சொல்லித் தொலையுங்கள் என்று நான் கத்தினேன். "அவ கால் ஊனி நிக்கட்டும்" என்றார். மறுநாளும் "சாப்பிட்டான்" என்றார். அதற்குப் பிறகும் காலையில் காலித் தொட்டியில் ஒரு சிட்டிகை தீனி போடுவார். அது அழுகினால்தானே கிருமிக்கு இரை கிடைக்கும், கிருமி வளரும் என்றார். எனக்கு அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியிடம் போனாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கூழாங்கல்லைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள்.

"கழுவுனீங்களா?"

"ம்."

"எப்போ போனான்?"

"கழுவி ஒம்போதாம் நாளு."

"தெனமும் சாப்பிட்டான்னீங்களே."

அத்தான், காலையில் சோதித்து வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். மஞ்சள்தான், கடுகளவுகூடப் பச்சை இல்லை.

"தண்ணி இன்னிக்கு சரியாயிடுச்சும்மா" என்று அதை அவளிடம் நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.