டில்லியின் கணுக்காலில் இருக்கும் கை

டில்லி போய்விட்டான்.

காலையில் எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் லைனில் டிரெய்லரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்தது... நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இந்நேரம் உங்கள் டைம்லைன் முழுக்க அவன்தான் இருப்பான். தங்கமான மனுஷன், பந்தா இல்லாத பிளேயர்... எல்லாம் உண்மைதான்.

ஆனால் எனக்கு அவனைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். இன்றைக்கும் அடங்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டில்லி முதலில் ராயபுரத்து பாக்ஸர். டிக்கெட் போட்டு நடத்தும் ப்ரோ பாக்ஸிங்கில் சம்பளம் வாங்கிச் சண்டை போட்டவன். புருவத்தில் விழுந்த வெட்டு திரும்பத் திரும்பப் பிளந்துகொண்டது. இனி ரிங்கில் ஏறினால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு எவனாக இருந்தாலும் அதோடு மூலையில் உட்கார்ந்திருப்பான். இவன் நேராகத் திருவொற்றியூருக்கு வந்து எங்கள் குப்பத்து கபடி டீமில் இடம் கேட்டான்.

நான் அங்கே லெஃப்ட் கார்னர். பாடிக்கொண்டு வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து, நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் நிறுத்துவது என் வேலை. சின்ன வயதிலிருந்து அந்த மணலில்தான் கிடந்தேன். என் சுண்டுவிரல் கோணலாக இருப்பதும் அங்கே உடைந்ததுதான்.

ஆரம்பத்தில் அவன் ஆட்டம் செம காமெடி...

பாக்ஸர்கள் ஒவ்வொரு குத்துக்கும் "ஷ்" என்று மூச்சு விடுவார்கள். இவன் கபடி கபடி என்று நன்றாகத்தான் பாடிக்கொண்டு வருவான். தொடுவதற்குக் கையை நீட்டியதும் பாட்டு நின்று "ஷ்" என்று வரும். உடனே விசில். அவுட்.

அவனுக்குக் குக்கர் என்றே பேர் வைத்தோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். நல்ல நாட்கள் அவை, எனக்கு.

அடுத்த பொங்கலுக்குள் அந்த "ஷ்" காணாமல் போய்விட்டது. கால் மட்டும் பாக்ஸிங் ரிங்கிலேயே இருந்தது. முன்னால் ஒரு துள்ளல், பின்னால் ஒரு துள்ளல்... எவன் கைக்கும் சிக்கமாட்டான்.

என் கைக்கு மட்டும் சிக்குவான். எகிறுவதற்கு முன்னால் எந்தக் காலில் எடையைப் போடுவான் என்று பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

அப்புறம் ப்ரோ கபடி லீக்குக்கு ஆள் பார்க்க வந்தார்கள். எங்களை ரெண்டு டீமாகப் பிரித்து ஆடவிட்டார்கள். டில்லியைப் பிடித்துப் போட்டது நான். அவர்கள் கூட்டிப் போனது டில்லியை. எனக்கு ஹைட் பத்தாதாம்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கினான் என்பார்களே... அந்தக் கதை என் வீட்டுக்கே வந்துவிட்டது.

ஒரு மனுஷனுக்கு ஒரு ஆட்டம் அமைவதே பெரும்பாடு. இவனுக்கு ஒன்று போனால் இன்னொன்று. அதிலும் டிவி, ஜெர்சி, செல்ஃபி. நான் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஹார்பரில் டிரெய்லர் ஓட்டப் போனேன்.

ஒருநாள் டீக்கடை டிவியில் அவன் பேட்டி. எந்த டிஃபெண்டரைப் பார்த்தால் பயம் என்று கேட்டார்கள். எங்க ஏரியாவில் ஒரு கார்னர் இருக்கிறான், அவன் கையிலிருந்து தப்பித்தால் எவன் கையிலிருந்தும் தப்பிக்கலாம் என்றான்.

பேரை மட்டும் சொல்லவில்லை.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே போன் போட்டேன்.

"ஏன்டா, என் பேர சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

சிரித்தான். "சொன்னா உன்ன எதிர் டீமுக்கு இட்டுனு பூடுவானுங்க மாமு. அப்பால என் பொழப்பு இன்னா ஆவறது?"

அது ஜோக்கா, நிஜமா... அன்றைக்குக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி யாரைக் கேட்பது?

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கக் கூட்டம், மேளம். பாக்ஸிங் ஆட்கள் பெட்டிமேல் கிளவுஸை வைக்கவேண்டும் என்கிறார்கள், கபடி பையன்கள் ஜெர்சியைத்தான் போர்த்தவேண்டும் என்கிறார்கள். கடைசியில் இரண்டையும் வைத்தார்கள். செத்த வீட்டில்கூட இவனுக்காக ரெண்டு ஆட்டமும் சண்டை போடுகிறது. என் சாவுக்கு டிரெய்லர் டிரைவர்கள் வருவார்கள், லைனில் வண்டி மாட்டிக்கொள்ளாமல் இருந்தால்.

தெரு முனையில் பெரிய ஃபிளெக்ஸ். கபடி படம்தான் போட்டிருக்கிறார்கள். கையை முன்னால் நீட்டிக் குப்புறப் பாய்கிறான், முகத்தில் சிரிப்பு. அவன் கணுக்காலை ஒரு கை பிடித்திருக்கிறது. மணிக்கட்டோடு படத்தை வெட்டிவிட்டார்கள்.

சுண்டுவிரல் கோணல்.

லீக்கில் பேர் வாங்கிய பிறகு, ஒரு பொங்கலுக்கு எங்கள் மணலில் வந்து எதிர் டீமுக்காக ஆடினான். அன்றைக்கு எடுத்த படம். நடுக்கோட்டையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் அவன் தப்பித்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த ரெய்டில் அவன் அவுட். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

போய் வா டில்லி. நீ சொல்லாத பேரை நானே இங்கே எழுதிக்கொள்கிறேன்...

உன்னைப் புடிச்சது ஏழுமலை.