‘காஞ்சிடும்’ மேஸ்திரி

பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு அவர் ‘காஞ்சிடும்’ மேஸ்திரி. பழைய தரையை உடைத்துப் புதுத் தரை போடுவதில் தான் கில்லாடி என்று அவரே சொல்லிக்கொள்வார். மண்ணிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க முதலில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன்மேல்தான் கான்கிரீட் கொட்ட வேண்டும். நம்ம மகராசனும் விரிப்பார். வீட்டுக்காரர் பார்த்துத் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனதும், கம்பியை எடுத்து ஷீட்டைச் சல்லடையாகக் குத்துவார். குத்தினால் கான்கிரீட்டின் தண்ணீர் கீழே வடிந்து சீக்கிரம் இறுகும். பொழுதோடு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். இவ்வளவுக்குத்தான் அந்தத் திருட்டு வேலை. பிறகு தரை வேர்த்து, சுவரோரம் பூசணம் பூத்து, வீட்டுக்காரர் வந்து நின்றால், “புதுத் தரைன்னா அப்படித்தான் சார், காஞ்சிடும்” என்பார். த்தூ, வெட்கங்கெட்ட ஜென்மம்!

அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. சொந்த வீட்டுத் தரையோ அப்பன் காலத்தது, மழை வந்தால் நசநசக்கும்.

“ஊருக்கெல்லாம் தரை போடுறீங்க, நான் இங்க மூச்சுக்குத் தவிக்கிறேன். மழைக்குள்ள சரி பண்ணலேன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்” என்றாள்.

சொன்னால் செய்கிறவள். அவளில்லாமல் ஐயாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கத் தெரியாது. ஆடிப்போய்விட்டார்.

அப்போது பார்க்க வேண்டுமே அவர் அக்கறையை! மண்ணை இடித்து இறுக்கினார். ஷீட்டின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டினார், சுவரோரம் மடித்து ஏற்றிவிட்டார். ஆக, எல்லாம் தெரியும் அந்த மனுஷனுக்கு.

கான்கிரீட் கொட்டும் நாளன்று காலையில் போன் வந்தது. போன மாதம் தரை போட்டுக்கொண்ட ஒருவர், ஈரம் ஈரம் என்று கத்தினார். “நீங்க கொட்டிட்டு இருங்கடா, வந்துடறேன்” என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு ஓடினார். அங்கே ஈரத் தரையில் நின்றுகொண்டே வழக்கமான பாட்டைப் பாடினார்.

சாயங்காலம் திரும்பினால் தரை இறுகிக் கிடந்தது. மனைவி ஆட்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, இதுக்குள்ள இறுகிடுச்சு?” என்றார் மேஸ்திரி.

“நீங்கதான் மறந்துட்டீங்கண்ணே” என்று சிரித்தார் கொத்தனார். “ஷீட்டுல ஒரு ஓட்டைகூட இல்ல. நாங்களே கம்பிய எடுத்து நல்லா குத்தி விட்டுட்டோம். இத்தனை வருஷமா உங்ககூட இருக்கோம், இதுகூடத் தெரியாதா?”

“குத்தினா ஈரம் ஏறாதா?” மனைவி கணவனைத்தான் கேட்டாள்.

ஊரையே வாயால் ஏய்த்தவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளுக்கு அது போதும். டீத் தட்டைக் கீழே வைத்தாள், உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ஈரத்துக்கா பயப்படுறீங்க அண்ணி?” என்றார். “காஞ்சிடும்.”