ஸரூக் மாஸ்டரின் நான்கு கடைகள்

கோதுமைப் பசை காய்வதற்குள் ஸரூக் மாஸ்டர் பழைய கலண்டர் அட்டைகளை ஒட்டி முடித்தாக வேண்டும். ஒட்டி, வெட்டி, நீல மையால் சரக்குகளின் பெயர் எழுதுவார்: சீத்தைத் துணி, சவர்க்காரம், கருவாடு. சனிக்கிழமை வர்த்தக வகுப்பில் மேசைகள் நான்கு கடைகளாகிவிடும். பிள்ளைகளில் சிலர் முதலாளிகள், மற்றவர்கள் வாடிக்கைக்காரர்கள். விலையைக் குறைத்துக் கூவி, அதிகம் பேரை இழுக்கும் கடைக்கு வெற்றி.

கொழும்பில் ஒரு பயிற்சியில் கற்ற விளையாட்டைப் பதுளைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். மனைவி நளீரா மௌத்தான பிறகு கடைவீதி மாடியறையில் தனி ஆள். சனிக்கிழமை மட்டும் வகுப்பில் கூவிக் கூவித் தொண்டை கட்டியிருக்கும்.

"என்ன மாஸ்டர், இன்டைக்கும் யாவாரமா? எங்கட கடையிலயும் வந்து கொஞ்சம் கத்துங்களேன்" என்று கீழ்க்கடை மர்ஸூக் சீண்டுவார். மாஸ்டருக்கு அதுவும் பிடிக்கும்.

போன மாதம் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். விளையாட்டு வகுப்பு தொடரலாமா, புத்தகமே போதுமா என்று அன்று முடிவாகும். வியாபாரப் போட்டியைப் பிள்ளைகள் நடத்திக் காட்டவேண்டும்.

"நீங்க கதைக்க வேணாம் மாஸ்டர். பிள்ளைகள் செய்யட்டும்" என்று அவரை ஓரமாக உட்கார வைத்தார் அதிகாரி.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பாக்கியலெட்சுமி முதல் கடையில் சவர்க்கார விலையைக் கேட்டு முகம் சுளித்தாள். மற்ற மூன்று கடைகளும் வாய் திறக்கவில்லை.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "வெலயக் கொறச்சுக் கூப்பிடு, நிஸாம்!"

அடுத்த மேசைக்கு முதலாளியாக இருந்த நிஸாம், கடைவீதிப் புடைவைக் கடைக்காரர் மகன், நெளிந்தான். "மத்தவங்கட கடப் படியில நிக்கிற ஆளக் கூப்பிடப்படாது சேர். வாப்பா கேள்விப்பட்டாத் தோல உரிச்சுப்போடுவார்."

"இது வெளையாட்டுடா!"

"வெளையாட்டுண்டாலும் வெக்கமில்லியா சேர்?"

"பரவால்லீங்க, இங்கயே வாங்கிக்கிறேன்" என்று முதல் கடை சொன்ன விலைக்கே பாக்கியலெட்சுமி வாங்கிக்கொண்டாள்.

இத்தனை சனிக்கிழமையும் நான்கு கடைக்கும் தான் ஒருவரே கூவிவந்திருக்கிறோம் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி எழுந்தார். "போட்டியே இல்லாத வெளையாட்டுல என்னத்தப் படிக்கிற? புத்தகத்தையே படிப்பியுங்க."

பிள்ளைகள் புறப்பட்டார்கள். "அடுத்த சனிக்கிழம வரணுங்களா சேர்?" என்று பாக்கியலெட்சுமி வாசலில் நின்று கேட்டாள்.

"வேணாம் புள்ள. பஸ்ஸ விட்டுறாத."

காலடிச் சத்தம் ஓய்ந்தது. நிஸாம் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே மாஸ்டர் வாடிக்கைக்காரராகப் போய் நின்றார். "சீத்தை கெஜம் என்ன வெல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகத் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார்.