புதன்கிழமைக் கதவை மூடமாட்டேன் என்றேன்

பொலிசார் என்னை ஜீப்பில் ஏற்றியது ஒரு புதன்கிழமை பின்னேரம். ஜெபக்கூட்டம் முடிந்து, தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முழுக்க யன்னல்களில் முகங்கள். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளவத்தையில் ஐந்து தமிழர் ஓர் அறையில் கூடினாலே சந்தேகம். என் வீட்டில் புதன்தோறும் இருபது பேர் கூடினார்கள்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் இறந்து, வாழவே பிடிக்காமல் கிடந்த காலத்தில் இயேசு என்னைத் தூக்கி எடுத்தார். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அண்ணன் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. நான் இருந்த மேல்மாடி அவருடையது. கூட்டத்தை நிறுத்து, இல்லாவிட்டால் வீட்டை விடு என்று மூன்று தடவை சொல்லியனுப்பினார். மூன்று தடவையும் மாட்டேன் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுவும் கர்த்தருக்குத் தெரியும்.

பொலிசுக்கு யார் அறிவித்தார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். சாட்சி சொல்லும்போது பொய் சொல்லக்கூடாது.

ஆனால் எங்களை மாட்டிவைத்தது எங்களுடைய ஜெபக் கொப்பிதான். கூட்டத்துக்கு வந்த தாய்மாரில் பலர் பிள்ளைகளைத் தொலைத்தவர்கள். பெயர் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்தேன். யுத்த நாட்டில் தமிழ் இளைஞர்களின் பட்டியலை வீட்டில் வைத்திருந்தால் பொலிஸ் என்ன நினைக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விசுவாசிகளுக்கு மட்டுமே வரக்கூடிய மடத்தனம் அது.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அழுதேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். கர்த்தாவே, நான் வெளியே போனாலும் போகாவிட்டாலும், அந்தத் தாய்மாருக்குத் திறந்த கதவை மூட விடாதேயும்.

சனிக்கிழமை காலை அண்ணன் வந்தார். பொறுப்பதிகாரியோடு கதைத்து ஒரு கடிதம் தயார்செய்திருந்தார். இனிக் கூட்டம் நடத்தமாட்டேன் என்று கையெழுத்து வைத்தால் அப்போதே வீட்டுக்குப் போகலாம். அண்ணனின் கண் சிவந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வை பிள்ளை. கும்பிடுறதெண்டா உன்ட அறைக்குள்ள தனியக் கும்பிடு. ஆர் கேக்கப்போறாங்கள்?"

"நான் தனியக் கும்பிடுவன் அண்ணா. அந்தத் தாய்மார் எங்க போவினம்? நான் வைக்கமாட்டன்."

பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் வழக்குப் போடுவோம் என்று, தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கொப்பியைப் பக்கம் பக்கமாகச் சிங்களத்தில் வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே எழுதியிருந்தது: நிஹால், கீழ்வீட்டுச் சோமாவின் மகன், ஆமி, முல்லைத்தீவு, செய்தி இல்லை.

"மே கவுத?" என்றார் அதிகாரி. இது யார் என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தைப் பற்றி நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. சோமா சிங்களப் பெண், பன்சலைக்குப் போய்ப் புத்தரைக் கும்பிடுகிறவள். ஒரு புதன்கிழமை படியேறி வந்து, தன் மகனையும் சேர்க்கச் சொன்னாள். என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் போட்டிருந்ததும் அதே இராணுவச் சீருடைதான். மறுக்க வாயெடுத்தேன். அவள் முகத்துக்கு நேரே முடியவில்லை. வேண்டாவெறுப்பாக, சின்ன எழுத்தில் எழுதினேன். ஜெபிக்கும்போதும் அவன் பெயரை அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்.

சோமாவை அழைத்து வந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு புதனும் படியில் இருந்து கேட்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். இவர்கள் பேசுகிற தமிழ் எதுவும் எனக்கு விளங்காது, என் மகனின் பெயர் மட்டும் விளங்கும், அதற்காகத்தான் அங்கே இருக்கிறேன் என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு விளங்கிய ஒரே சொல்லைத்தான் நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கொப்பியை மூடி என்னிடம் தந்தார். கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயரை வாராவாரம் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். அடுத்த புதன் ஆறு பேர்தான் வந்தார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, வியாழன் காலை அந்த ஆறு பெயரையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாங்கள் ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது? அண்ணன் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. ஆனால் வீட்டை விடச் சொல்லவும் இல்லை.

நிஹால் திரும்பவில்லை. கொப்பியில் உள்ள பலரும் திரும்பவில்லை. அப்படியானால் உன் ஜெபம் எங்கே கேட்கப்பட்டது என்று கேட்கிறவர்களோடு நான் எந்த நேரமும் வாதாடத் தயார். நான் கேட்டது கதவை. அதை ஒருவராலும் மூட முடியவில்லை. இப்போது நிஹாலின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், படி வரைக்கும் கேட்கும்படியாக.

வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பைச் சுமக்கிற சகோதர சகோதரிகளே, பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் பயந்தேன். பயந்துகொண்டே மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் உள்ளதை அவர் பார்த்துக்கொள்வார்.