குடில் வாசலில் கழற்றிய சப்பாத்து

பாவ்பாவ் மலை, 1974 யூலை. இங்கே இது குளிர்காலம்.

மெல்பேணில் வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குப் பலகைகளில் காலையிலிருந்து தனியே போய்க்கொண்டிருக்கிறேன். நான் கீறிவந்த இரண்டு கோடுகளைத் தவிர வேறு தடமில்லை. மரங்களுக்கிடையில் ஒரு தகரக் குடில் தெரிகிறது, புகைபோக்கியில் புகை. சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டுகிறேன்.

"தட்டத் தேவையில்லை, திறந்துதான் கிடக்கு."

அடுப்பருகே தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சப்பாத்தில் பனி அப்பியிருக்கிறது. தேநீரை நீட்டும்போது என் ஈரக் காலுறைகளைப் பார்க்கிறார்.

"சப்பாத்து எங்கே?"

"வெளியில. வீட்டுக்குள்ள நாங்கள் போடுறதில்லை."

"இது ஒருத்தற்ற வீடும் இல்லை, மேட். வழியில போற எல்லாருக்கும் பொது."

எழுந்துபோய் எடுத்து வருகிறார். இரண்டும் விறைத்துக் கட்டையாகிவிட்டன. அடுப்போரம் வைத்துவிட்டு, "இளகும் வரைக்கும் இரும்," என்கிறார். பிறகு தன் பலகைகளை மாட்டிக்கொண்டு மரங்களுக்குள் மறைகிறார்.

மெல்பேணுக்கு வந்து ஒரு வருடமாகிறது. என் அறையைத் தவிர வேறொரு வாசலில் இன்றுதான் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன்.

தோல் இளகிவிட்டது, கால் நுழைகிறது. மறுபடி கழற்றி வைத்துவிட்டு, அடுப்பில் இன்னுமொரு விறகை வைக்கிறேன்.