நான்காவது ஓரம்

புதுக் கிண்ணம் ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தால் அக்கா முதலில் அதன் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிப்பாள். அப்படியே மெல்ல அடிவரைக்கும் விரல்களை இறக்குவாள். "விளிம்புல ரெண்டு மில்லி, அடியில அஞ்சு. நடுவுல திடீர்னு தடிக்குது பாரு, செஞ்சவனுக்கு என்ன அவசரமோ." அதற்குப் பிறகுதான் கரண்டி உள்ளே போகும். விருந்துக்குப் போன வீட்டிலும் இதே கூத்துதான். அத்தான்தான் சமாளிப்பார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என் மண்டையையும் இப்படித்தான் தடவிப் பார்த்தா. தடிமன் போதும்னுட்டா!"

கட்டப்போகும் கான்கிரீட் கூரையைக் கணினியில் முதலில் கட்டி, அது நிற்குமா என்று பார்ப்பது அவள் வேலை. தட்டையான கூரை என்றால் கொட்டாவி விடுவாள். வளைகூரை என்றால் நிமிர்ந்து உட்காருவாள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், முட்டையோட்டைப் போலத் தன் வளைவாலேயே நிற்கும் கூரை. நான் ஊர் ஊராகச் சுற்றி அண்ணாந்து படமெடுத்து வந்த கூரைகளைக் காட்டினால், அழகைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "ஓரம் எவ்வளவு தடிமன்? கேக்கலையா? அப்ப எதுக்குடி அவ்வளவு தூரம் போனே?"

போன வருடம் அவளிடம் வந்தது ஒரு நீச்சல் குளத்தின் கூரை. நான்கு கால்கள் தரையைத் தொடும். காலுக்கும் காலுக்கும் நடுவே நான்கு ஓரங்கள் வில்லாக வளைந்து எழும்பும். உச்சியில் தடிமன் ஒன்பது சென்டிமீட்டர், கால்களில் முப்பத்தைந்து. அந்த அலுவலகத்தில் யாரும் அதுவரை வளைகூரை செய்ததில்லை. கணக்கில் அவள் கையெழுத்து மட்டும்தான்.

கணினிக்கு வளைவு புரியாது. கூரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கொடுத்தால்தான் மென்று விழுங்கும். கட்டத்துக்கு ஒரு தடிமன் என்று கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்; ஆனால் கூரை படிக்கட்டாகிவிடும். அக்கா ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைக்கும் தனித்தனியாகத் தடிமன் வருமாறு கொடுத்தாள். மூவாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். மேலாளர் பொறுமை இழந்து, "மொத்தத்துக்கும் இருபதுன்னு போட்டு முடிங்க, மில்லிமீட்டர் மேடம்" என்றார். அந்தப் பெயர் அலுவலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "சென்டிமீட்டர் மேடம்னு சொல்லியிருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்."

எத்தனை கணினி வந்தாலும் கடைசியில் பென்சிலை எடுப்பாள். கூரையின் மொத்த எடையைக் கையால் போட்டு, கணினி சொல்லும் எடையோடு ஒத்துப் பார்ப்பாள். எடை ஒத்துப்போனால் தாளின் மூலையில் ஒரு சின்ன வட்டம். நீச்சல் குளத்துக்கும் வட்டம் போட்டாள். படங்கள் கட்டுமிடத்துக்குப் போயின. கம்பி கட்ட ஆரம்பித்தார்கள்.

கான்கிரீட் ஊற்ற மூன்று நாள் இருந்தபோது, கூரையை அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரித்ததும் எந்த இடம் எவ்வளவு இறங்கும் என்று மேஸ்திரிக்கு ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தாள். முதல் ஓரம் பதினொரு மில்லிமீட்டர். இரண்டாவதும் மூன்றாவதும் அதே பதினொன்று. நான்காவது, பதினான்கு. நான்கும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்க வேண்டியவை. பென்சில் நின்றுவிட்டது.

அந்த ஓரத்தை ஒட்டி ஓடும் கட்டங்களின் பட்டைக்கு மட்டும் கால் முனை, உச்சி முனை என்ற இரண்டு எண்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள்; இடைப்பட்ட தடிமன்களைக் கணினி அவற்றை வைத்தே நிரப்பியிருந்தது. காலில் இருக்க வேண்டிய தடிப்பு வில்லின் உச்சிக்கும், உச்சியின் மெலிவு காலுக்கும் போய்விட்டது. பட்டையின் அகலம் எங்கும் ஒன்றேதான்; அதனால் தலைகீழாகப் போட்டும் எடை இம்மியும் மாறவில்லை. அவளுடைய வட்டமே அவளை ஏமாற்றியிருந்தது. அந்தத் தப்புக் கணக்கை நம்பித்தான் அங்கே கம்பி கட்டியிருந்தார்கள்.

மேலாளர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மூணு மில்லி. கூரை நிக்காதா என்ன?"

"நிக்கும் சார். நிக்கிறது வேற, சரியா இருக்கிறது வேற."

அவர் பதில் சொல்வதற்குள் மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில்.

"மேஸ்திரி, நாலாவது ஓரத்துல கம்பியைப் பிரிக்கணும்."

"கட்டி முடிச்சாச்சேம்மா! கை தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு. யாரு பண்ணின தப்பு?"

"நான் பண்ணினது."

"இத்தனை வருஷத்துல இந்தப் பதிலை நான் கேட்டதே இல்லம்மா. சரி, வாங்க. தொப்பி மறக்காதீங்க, உங்க மண்டைத் தடிமன் எனக்குத் தெரியாது."

நான்கு நாள் சாரப் பலகை மேலேயே நின்றாள். கான்கிரீட் இரண்டு நாள் தள்ளிப்போனது. வீட்டில் அத்தான் சமைத்தார். அந்த நான்கு நாளும் எந்தக் கிண்ணத்தையும் அவள் தடவிப் பார்க்கவில்லை.

முட்டுகளைப் பிரித்த அன்று காலையில் என்னையும் அழைத்துப் போனாள். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொரு முட்டாகத் தளர்த்தினார்கள். கடைசி இரும்புக் குழாய் தரையில் விழுந்து ஓய்ந்த பிறகு, தலைக்கு மேலே அத்தனை டன் கான்கிரீட்டும் சும்மா இருந்தது. தண்ணீர் விடாத குளத்துக்குள் நாங்கள் நின்றோம். மேஸ்திரி அளவுக் கருவியில் கண்ணை வைத்தார்.

"கம்ப்யூட்டர் சொன்னா கூரை கேக்கணும்னு இருக்காம்மா?"

"நீங்க முதல்ல படிங்க."

"ஒண்ணாவது ஓரம், பத்து. ரெண்டாவது, பதினொண்ணு. மூணாவது, பத்து." கருவியைத் திருப்பினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நாலாவது... பதினொண்ணு!"

கம்பி கட்டியவர்கள் கைதட்டினார்கள். மேலாளர் யாருக்கோ போன் செய்து "எங்க மேடம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் கையை விட்டுவிட்டு, குளத்திலிருந்து மேலே ஏறி நான்காவது ஓரத்தின் கால் பக்கம் நடந்தாள். அங்கே விளிம்பு இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒரு உள்ளங்கையை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்து அதைப் பிடித்தாள். வில் ஏற ஏறக் கைகளை நகர்த்திக்கொண்டே போனாள், தோள் உயரம், தலை உயரம். மேல் கைக்கு எட்டாமல் போன பிறகும், செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, குதிகாலைத் தூக்கி, கீழ்க் கையால் தடவியபடி இன்னும் இரண்டு அடி போனாள்.